ஊதியம் மறுத்த அருளப்பன்

ஓர் அமைப்பை ஆள்பவர் யார் என்று அறிய அதன் ஊதியப் பட்டியலைப் பார்த்தால் போதும் என்பது பொருளியலின் பாலபாடம். சமய அமைப்புகளும் இதற்கு விலக்கல்ல. இந்த உண்மையைத் தம் வாழ்வால் உணர்த்தியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன்.

1810-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவர், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயின்றார். குருப்பட்டம் அளிக்கும் உரிமை யாருக்கு என்னும் பூசலில் ரேனியஸ் தம் மிஷன் சங்கத்திலிருந்து 1835-இல் விலக்கப்பட்டார். 1833-இல் இந்தியா வந்த ஆண்டனி நோரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நட்பும் அருளப்பனுக்கு வாய்த்தது. நம்பிக்கையாளர் கூடி அப்பம் பிட்குவதற்குக் குருப்பட்டம் பெற்றவர் தேவையில்லை என்பது குரோவ்ஸின் கொள்கை.

மொழிபெயர்ப்புப் பணிக்காக அவர் மாத ஊதியம் தர முன்வந்தபோது அருளப்பன் மறுத்தார். கூலிக்காகப் போதிக்கிறான் என்று மக்கள் சொல்ல இடம் தரலாகாது என்பதே அவர் கூறிய காரணம். 1840-இல் மதுரை, திருநெல்வேலி எல்லைப் பகுதியில் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை உருவாக்கினார். அயல்நாட்டுக் குருவை எதிர்பாராமல் ஊர் மக்களே வழிபாட்டை நடத்தினர். 1860-இல் அங்கு எழுந்த எழுப்புதலில் பெண்களும் குழுக்களாகச் சென்று போதித்தனர். 1867-இல் அருளப்பன் மறைந்தார்.

புதிய ஏற்பாட்டில் ஒரு சபைக்கு ஒரு தலைவர் அல்லர், மூப்பர்கள் பலர். சகோதர சபைகள் இன்றும் அவ்வழியே நடக்கின்றன. தமிழருக்கு இது புதுமையன்று. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் ஊராரும் நகரத்தாரும் கூடி முடிவெடுத்த செய்திகள் உண்டு.

எனினும் பலர் சேர்ந்து ஆள்வது தன்னளவில் நன்மையாகிவிடாது. மூப்பர்கள் தமக்குள்ளேயே பதவியைப் பங்கிட்டுக்கொண்டால் ஒருவர் ஆட்சி சிலர் ஆட்சியாக மாறுமே தவிர, சபையாருக்குக் குரல் கிடைக்காது. பிழைக்குப் பொறுப்பேற்பவர் எவரும் இல்லாமற்போகும் ஆபத்தும் உண்டு. அருளப்பனின் வழி நிலைத்ததற்குக் காரணம், தலைமையோடு பொருளாதாயத்தை அவர் பிணைக்காததே.

திருச்சபைத் தேர்தல்களும் சொத்துத் தகராறுகளும் நீதிமன்றப் படியேறும் இந்நாளில், அவர் வாழ்வு எல்லாச் சமய அறநிலையங்களுக்கும் பாடமாகும். கூட்டுத் தலைமை வேண்டும் என்போர், பதவிக்குக் கால வரையறையும் சபையார் முன் வைக்கப்படும் தணிக்கை செய்த கணக்கும் வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்.