கண் போன பிறகும் பாடம் நடத்திய கணக்கு வாத்தியார்!

மாடியில் இருந்து 10 கிலோ கல்லையும் 1 கிலோ கல்லையும் ஒன்றாகப் போட்டால் எது முதலில் தரையைத் தொடும்? பெரிய கல்தான் என்று பலபேர் அடித்துச் சொல்வார்கள். தப்பு! இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் விழும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் இத்தாலி நாட்டு கலிலியோ.

1564-ம் ஆண்டு பைசா நகரில் பிறந்தவர். அப்பா சங்கீத வித்வான். மகனை டாக்டர் ஆக்க ஆசைப்பட்டார். மகனோ கணக்குப் பைத்தியம். பட்டம் வாங்காமலே படிப்பை விட்டார். ஆனாலும் 1589-ல் அதே பல்கலைக்கழகத்தில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது.

வரதட்சணை பாரம்

சம்பளம் சொற்பம். 1591-ல் அப்பா இறந்தார். தங்கைகளின் வரதட்சணை இவர் தலையில் விழுந்தது. 1592-ல் பாதுவா நகருக்கு வேலைக்குப் போனார். அங்கே 18 வருஷம். வரும்படி போதாமல் மாணவர்களை வீட்டிலேயே தங்க வைத்து, சாப்பாடு போட்டு, டியூஷன் எடுத்தார்.

கனமான பொருள்தான் வேகமாக விழும் என்பது கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதி வைத்தது. காலேஜ்களில் அதுவே பாடம். கலிலியோ ஒரு குறுக்குக் கேள்வி போட்டார். பெரிய கல்லோடு சின்னக் கல்லைக் கட்டிப் போட்டால்? சின்னது பின்னால் இழுப்பதால் வேகம் குறையணும். ஆனால், சேர்ந்த எடை கூடுதல் ஆச்சே, வேகம் கூடவும் வேணும். இரண்டும் எப்படி நடக்கும்? பழைய பாடம் வசமாக மாட்டிக்கொண்டது!

தண்ணீர் கடிகாரம்

விழுகிற கல்லின் வேகத்தை அளக்க அன்று சரியான கடிகாரம் கிடையாது. நீளமான மரத்தில் பள்ளம் வெட்டி, சாய்த்து வைத்து, வெண்கலக் குண்டை உருட்டினார். பாத்திரத்தில் இருந்து ஒழுகும் தண்ணீரைப் பிடித்துத் தராசில் நிறுத்து நேரம் பார்த்தார். முதல் நொடியில் 1 முழம் என்றால் அடுத்த நொடியில் 3 முழம், அதற்கு அடுத்து 5 முழம். கணக்கு பிசகவே இல்லை.

வீட்டுக் காவல்

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதிய குற்றத்துக்காக 1633-ல் மத விசாரணை மன்றம் தண்டித்தது. சாகும்வரை வீட்டுக் காவல். புத்தகம் அச்சிடவும் தடை. மனுஷர் அசரவில்லை. கல் விழும் கணக்கை எழுதி முடித்தார். 1638-ல் ஹாலந்தில் அச்சானது. அதற்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது.

1639-ல் விவியானி என்ற 17 வயதுப் பையன் மாணவனாக வந்து சேர்ந்தான். பார்வை இல்லாத வாத்தியார் அவனுக்குப் பாடம் சொன்னார். பைசா சாய்ந்த கோபுரத்தில் ஏறி கலிலியோ குண்டு போட்ட கதையைப் பிற்பாடு எழுதியது இவர்தான். அதற்கு வேறு சாட்சி கிடையாது. மரப்பலகையும் வெண்கலக் குண்டும்தான் கலிலியோ கைப்பட எழுதிய அசல் சாட்சி.

1642 ஜனவரி 8-ந் தேதி கலிலியோ காலமானார்.

இறகு மட்டும் ஏன் மெதுவாக விழுகிறது? காற்று தடுப்பதால்தான். 1971 ஆகஸ்டு 2-ந் தேதி, காற்றே இல்லாத சந்திரனில் நின்று, அமெரிக்க விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன. வாத்தியார் கணக்கு பாஸ்!