டாக்டர் சாமியார் ஆனார்

கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர் பத்தமடை. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. அங்கே 1887-ம் ஆண்டு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குப்புசாமி என்று பெயர் வைத்தார்கள்.

குப்புசாமி தஞ்சாவூரில் வைத்தியம் படித்தார். 1913-ம் ஆண்டு கப்பல் ஏறி மலேயாவுக்குப் போனார். ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை. நல்ல சம்பளம். ஏழைகளிடம் அவர் காசு வாங்குவதில்லை.

உடம்பு நோய்க்கு மருந்து இருக்கிறது. மன நோய்க்கு மருந்து எது? இந்தக் கேள்வி அவரை வாட்டியது. ஒரு சாது கொடுத்த வேதாந்தப் புத்தகத்தைப் படித்தார். யோகத்தில் நாட்டம் வந்தது. 1923-ல் வேலையை உதறிவிட்டுத் தாய்நாடு திரும்பினார்.

மறு ஆண்டு ரிஷிகேசம் சென்று துறவி ஆனார். அப்போது வயது 36. அன்று முதல் அவர் சுவாமி சிவானந்தர்.

சிறு குடிலில் வாசம். தர்மச் சாப்பாடு. ஆனால் வைத்தியத்தை மட்டும் விடவில்லை. 1927-ல், தமக்கு வந்த இன்சூரன்ஸ் பணத்தைப் போட்டு லட்சுமண் ஜூலாவில் தர்ம ஆஸ்பத்திரி திறந்தார். சாதுக்களும் யாத்திரிகர்களும் இலவசமாக மருந்து பெற்றார்கள்.

1936-ல் கங்கைக் கரையில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். 1948-ல் யோகம் கற்பிக்கக் கலாசாலை வைத்தார். குடும்பஸ்தர்களுக்கும் யோகம் உண்டு என்று போதித்தார். இருநூறுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957-ல் அமெரிக்கா போய் யோகாசனம் கற்றுக் கொடுத்தார்.

1963-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி சிவானந்தர் சமாதி அடைந்தார். பத்தமடை டாக்டர் தம் தொழிலைத் துறக்கவே இல்லை. மருந்துப் பெட்டியில் யோகத்தையும் சேர்த்துக்கொண்டார். அவ்வளவுதான்!