ஆய்லரும் ஒரு கொசைன் கணக்கும்

மலருக்குக் கணக்குக் கட்டுரையா, யார் படிப்பா என்று என் வகுப்பு நண்பர்கள் கேலி செய்தார்கள். பரவாயில்லை. மூன்று வருஷம் கணிதத் துறை பெஞ்சைத் தேய்த்தவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

லியோன்ஹார்ட் ஆய்லர் 1707-ல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் பிறந்தவர். பாதிரியாரான அப்பா, பிள்ளையையும் பாதிரியாராக்க நினைத்தார். யோஹான் பெர்னௌலி என்ற பேராசிரியர்தான் சனிக்கிழமைதோறும் பையனின் சந்தேகங்களைத் தீர்த்துவைத்து, கணக்குப் பக்கம் இழுத்துவிட்டார்.

அந்தக் குருவுக்கும் லைப்னிட்ஸுக்கும் ஒரு வழக்கு இருந்தது. மைனஸ் எண்ணுக்கு லாகரிதம் உண்டா? உண்டு, ப்ளஸ் எண்ணுக்கு உள்ளதேதான் என்றார் குரு. வெறும் கற்பனை என்றார் லைப்னிட்ஸ். 1751-ல் அச்சான கட்டுரையில் ஆய்லர் தீர்ப்புச் சொன்னார். குருவாச்சே என்று விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் லாகரிதம் ஒன்றல்ல, முடிவில்லாமல் உண்டு. மைனஸ் எண்ணுக்கு அத்தனையும் கலப்பெண்கள் என்று காட்டிவிட்டார்.

இதன் சாவி அவருடைய 1748 நூலில் இருக்கிறது. ஈ (2.718...) என்ற எண்ணுக்கு √−1 க என்று அடுக்குப் போடுங்கள். அதே அடுக்கை மைனஸாகவும் போட்டு, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் கொசைன் க.

கொசைன் க = 2 என்றால் நாம் உடனே தீர்வே கிடையாது, கொசைன் 1-ஐத் தாண்டாதே என்று சொல்லிடுவோம். மெய்யெண்ணில் அது சரி. ஆனால் முதல் அடுக்கை வ என்று வைத்துப் பாருங்கள். வ + 1/வ = 4. அதாவது வ² − 4வ + 1 = 0. பள்ளிக்கூடத்து இருபடிச் சமன்பாடுதான்! வ = 2 ± √3. ஈ அடிமான லாகரிதம் எடுத்தால், க = 2 ந பை ± 1.317 √−1. ந எந்த முழு எண்ணாகவும் இருக்கலாம். லாகரிதம் முடிவில்லாதது என்றாரே, அதனால்தான் தீர்வும் முடிவில்லாமல் வருகிறது. தம்பி தங்கைகள் 2-க்குப் பதில் 3 போட்டுப் பாருங்கள். 3 ± √8 வர வேண்டும்.

நம்ம கும்பகோணத்து ராமானுஜன் பள்ளி நாட்களிலேயே இந்த உறவைத் தானாகக் கண்டுபிடித்து, ஆய்லர் முந்திக்கொண்டார் என்று தெரிந்ததும் காகிதங்களை வீட்டுக் கூரையில் செருகி வைத்துவிட்டாராம்.

ஆய்லருக்கு 1738 வாக்கில் வலது கண் போயிற்று. 1771-ல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடது கண்ணும் ஏறக்குறையப் போயிற்று. மனக்கணக்காகப் போட்டு, வாயால் சொல்லி எழுதவைத்தார். 1783 செப்டம்பர் 18 அன்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸின் பாதையைப் பற்றிப் பேசினார். அன்றே காலமானார்.