சுமோவுக்குள் ஒரு மூல்காவ்கர்

டாடா சுமோ என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு ஜப்பான் மல்யுத்த வீரர் ஞாபகம் வருவார். மீதிப் பேருக்குத் தமிழ்ப்பட வில்லன் கோஷ்டி. வரிசையாக நாலு வெள்ளை சுமோ வரும், அதில் ஒன்றாவது கட்டாயம் அந்தரத்தில் பறந்து வெடிக்கும்! ஆனால் அந்தப் பெயருக்கும் மல்யுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. சுமந்த் மூல்காவ்கர் என்ற ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயரின் பெயர் அது. ஆங்கிலத்தில் எழுதி, இரண்டு சொல்லிலும் முதல் இரண்டு எழுத்தை எடுத்து ஒட்டினால் சுமோ. அவர் காலமானது 1989இல், வண்டி வந்தது 1994இல். ஆக, தன் பெயரில் ஓடிய வண்டியை அவர் பார்க்கவே இல்லை.

மலர்க்குழு நண்பர்கள் இந்த வருடம் என்னிடம் ஒரு தொழில் முன்னோடியின் வாழ்க்கையைக் கேட்டார்கள். குழுவிலேயே இன்னொருவர், ஜெர்மனி பென்ஸ் கம்பெனிக்கு எப்படி அவ்வளவு பேர் வந்தது என்று எழுதலாமே என்றார். யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள் கிடைத்துவிட்டார். பென்ஸ் நட்சத்திரத்தை இந்திய லாரியின் நெற்றியில் ஒட்டியவரும் இவர்தான். அந்த நட்சத்திரம் போன பிறகும் லாரி ஓடும் என்று காட்டியவரும் இவர்தான்.

கொலாபரேஷன் என்ற சொல் காட்டூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அறுபதுகளில் செக்கோஸ்லோவாகியா உதவியோடு திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை வந்ததும், அதை நம்பி நம்ம ஊரைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்ததும் எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டுக்காரன் டிராயிங் கொடுப்பான், நாம் வெல்டிங் அடிப்போம். ஆனால் அவன் போன பிறகு என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் பென்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886இல் மான்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருடம் கன்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லர் நாலு சக்கர வண்டியில் எஞ்சின் பூட்டினார். இரண்டு கம்பெனிகளும் போட்டியாளர்களாகவே வளர்ந்து, முதல் உலகப் போருக்குப் பின் வந்த பணமுடையில் 1926இல் ஒன்றாகின. காரை வைத்துத்தான் உலகம் பென்ஸைப் பேசுகிறது. ஆனால் 1923இலேயே டீசல் லாரி செய்து காட்டிய கம்பெனி அது. இந்தப் பேரில் கறையும் உண்டு. ஹிட்லர் காலத்தில் ஆயிரக்கணக்கான கட்டாயத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கியது. போர் முடிந்தபோது தொழிற்சாலைகள் குண்டுவீச்சில் தரைமட்டம். எழுந்து நிற்க வெளிநாட்டுச் சந்தைகள் தேவைப்பட்டன. நம்ம பக்கம், புதுசாகச் சுதந்திரம் வாங்கிய நாடு, ரோடு போட்டுக்கொண்டிருந்தது, லாரி வேண்டும்.

மூல்காவ்கர் பிறந்தது 1906இல், பம்பாயில். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தார். ஊருக்குத் திரும்பியதும் அவர் போனது மோட்டார் துறைக்கு இல்லை, சிமெண்டுக்கு! ஏ.சி.சி. கம்பெனியில் வேலை. இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது வெளிநாட்டு இயந்திரம் கப்பலில் வராது. வராவிட்டால் என்ன, நாமே செய்துகொள்வோம் என்று, இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் சாய்பாசாவில் இந்திய இயந்திரங்களைக் கொண்டே சிமெண்ட் ஆலை எழுப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு. பின்னால் லாரியில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் ஒத்திகை அங்கேயே நடந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். மனைவி லீலா சமூக சேவையில், குறிப்பாக இரத்ததானப் பணியில், தனியாகவே பேர் வாங்கியவர்.

1949இல் டாடா குழுமத்தின் டெல்கோவுக்கு வந்தார். 1945இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய கம்பெனி, நீராவி ரயில் எஞ்சின் செய்யத்தான் ஏற்பட்டது. அதில் ஒரு சிக்கல்: எஞ்சினை வாங்க ஒரே ஆள், ரயில்வே. நம்ம பெல் ஆன்சிலரி முதலாளிகளைக் கேட்டால் ஒரே வாடிக்கையாளரை நம்பிப் பட்டறை நடத்துவது என்னவென்று விலாவாரியாகச் சொல்வார்கள். இரண்டாவதாக ஒரு பொருள் வேண்டும். அதற்குத்தான் 1954இல் டைம்லர்-பென்ஸோடு பதினைந்து வருட ஒப்பந்தம். ஆறே மாதத்தில் முதல் லாரி வெளியே வந்தது. மூக்கில் மூன்று முனை நட்சத்திரம், பெயர் டாடா மெர்சிடிஸ்-பென்ஸ்.

ஆறு மாதத்தில் லாரி என்றதும் மலைத்துவிட வேண்டாம். அவ்வளவு சீக்கிரம் வந்த வண்டிகள் ஜெர்மனியிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டியவைதான். பூட்டுவது யாராலும் முடியும். மூல்காவ்கர் கெட்டிக்காரத்தனம் அதற்குப் பிறகு. வார்ப்படம், ஃபோர்ஜிங், கியர், எஞ்சின் பிளாக் என்று ஒவ்வொன்றாக இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். 1959இல் ஜாம்ஷெட்பூரில் ஆராய்ச்சிப் பிரிவு வைத்தார்கள். ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து வருடம் இருந்த நேரம் அது. 1961இல் முதல் ஏற்றுமதி லாரி இலங்கைக்குப் போனது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நேர் எதிரானதைப் பார்த்தேன். பேர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து மொத்தமாக ஒரு லைன் வாங்கிப் போட்டார்கள். ஒருநாள் ஒரு டை உடைந்தது. உள்ளூரில் செய்ய டிராயிங் இல்லை, டூல் ரூம் இல்லை. கப்பலில் டை வரும்வரை பதினோரு வாரம் லைன் நின்றது. டிராயிங் இருந்தாலும்கூட, அதில் டாலரன்ஸ் எவ்வளவு என்றுதான் அச்சடித்திருக்கும். அந்த அளவை தினமும் ஆயிரம் பீஸில் எப்படிப் பிடிப்பது என்பதை எந்த டிராயிங்கிலும் போடுவதில்லை. அது ஆட்களின் கையில் ஏற வேண்டியது. ஏற வருடக் கணக்காகும். இதைப் புரிந்துகொண்ட நிர்வாகி அபூர்வம். சிமெண்டிலிருந்து வந்த மனுஷருக்கு இது புரிந்திருந்தது.

என் பெரியப்பா காந்தி மார்க்கெட்டிலிருந்து லோடு அடித்தவர். அவர் ஓட்டியது 1210. பழைய லாரிக்காரர்களுக்கு அந்த நம்பரைச் சொன்னாலே போதும், முகம் மலரும். டெல்கோ விற்றது வெறும் சேசிஸ்தான். கேபினே இருக்காது. ஒரு தற்காலிக சீட்டைப் போட்டுக்கொண்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலில் ஓட்டி வருவார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டுவார்கள். பெரியப்பா வண்டியின் மூக்கில் நட்சத்திரம் கிடையாது, 'டி' எழுத்துதான். ஆனாலும் கடைசிவரை அவர் அதை பென்ஸ் வண்டி என்றே சொன்னார். லேலண்டா பென்ஸா என்று டீக்கடையில் மணிக்கணக்கில் நடக்கும் சண்டையில் அவர் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

1969இல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரம் கீழே இறங்கியது, 'டி' ஏறியது. ஜெர்மனி போய்விட்டது, இனி வண்டி என்ன ஆகும்?

பதில் 1971இல் வந்தது. அந்த வருடம் டெல்கோ லாரியில் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் போட்டது. சிவில், இ.சி.இ. நண்பர்களுக்காக ஒரு நிமிடம். பழைய பென்ஸ் டீசல் எஞ்சினில், சிலிண்டர் தலைப்பகுதியில் ஒரு குட்டி அறை இருக்கும். டீசலை முதலில் அங்கே பீய்ச்சி, பாதி எரிந்தபடியே அது சிலிண்டருக்குள் பாயும். சத்தம் குறைவு, பம்பும் நாசிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஓடும். ஆனால் அந்தக் குட்டி அறையின் சுவர் வழியாகச் சூடு வீணாகும், டீசல் அதிகம் குடிக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் அந்த அறையே கிடையாது. பிஸ்டன் தலையில் ஒரு குழி, டீசல் நேராக அதில் பாயும். டீசல் மிச்சம், காலையில் ஸ்டார்ட் ஆவதும் சுலபம். ஆனால் நாசில் துல்லியமாக இருக்க வேண்டும், அழுத்தம் அதிகம் வேண்டும். கூட்டாளி போன இரண்டே வருடத்தில் இதைச் செய்தார்கள் என்றால், கற்றுக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

ஆனால் ஒருதலையாகப் புகழ எனக்கு இஷ்டமில்லை. அது லைசென்ஸ் காலம். எத்தனை லாரி செய்யலாம் என்பதை டில்லி தீர்மானிக்கும். பணம் கட்டிவிட்டு வண்டிக்குக் காத்திருந்த காலம். வேறு வண்டி கிடைக்காததால் வந்த பேரும் அந்தப் பேரில் கொஞ்சம் கலந்திருக்கிறது. பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனாலும் சொல்லித்தானே ஆகவேண்டும். கேபின் சூடு, கனமான ஸ்டியரிங், டிரைவர் முதுகுவலி எல்லாம் வருடக் கணக்கில் அப்படியேதான் இருந்தன.

மூல்காவ்கரை எடைபோட நான் பார்ப்பது ஜாம்ஷெட்பூரை இல்லை, புனேயை. 1966இல் அங்கே பிம்ப்ரி பக்கம் கரடுமுரடான வறண்ட நிலத்தில் வேலையைத் தொடங்கினார். முதலில் எழும்பியது அசெம்பிளி லைன் இல்லை. பயிற்சிப் பிரிவு. அப்புறம் மெஷின் டூல், டூல் அண்ட் டை பிரிவுகள். ஐ.டி.ஐ. வயசுப் பையன்களை எடுத்து அரம் பிடிப்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். நிலம் முழுக்க மரம் நட்டார், ஏரி ஒன்று அமைத்தார், பறவைகள் வந்து தங்கின. முதல் லாரி அங்கிருந்து வெளியே வந்தது எப்போது தெரியுமா? 1977இல். பதினோரு வருடம்! இன்று எந்தக் கம்பெனியில் எந்த எம்.டி. பதினோரு வருடம் டூல் ரூமுக்குச் செலவு செய்துகொண்டு, லாபம் எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார முடியும்? காலாண்டுக் கணக்குக்கே நமக்கு மூச்சு முட்டுகிறது.

அவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. மதியம் ஆனால் ஆள் காணாமல் போவாராம், பின்தொடர்ந்து பார்த்தால் ரோட்டோர தாபாவில் லாரி டிரைவர்களோடு சாப்பிட்டுக்கொண்டு வண்டியின் குறைகளைக் கேட்டுக்கொண்டிருப்பாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆதாரம் யாரும் காட்டியதில்லை என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பதினோரு வருடமே எனக்குப் போதும்.

பரீட்சை எண்பதுகளில் வந்தது. அரசு கதவைத் திறந்ததும் சிறு லாரிக்கு ஜப்பான்காரர்கள் நாலு பேர் ஒரே சமயத்தில் இறங்கினார்கள்: டொயோட்டா, மிட்சுபிஷி, மாஸ்டா, நிஸான். ஆளுக்கொரு இந்தியக் கூட்டாளி. டெல்கோவும் யாரையாவது பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. புனேயில் வளர்ந்த ஆட்களை வைத்துச் சொந்தமாக வடிவமைத்து 1986இல் 407ஐ இறக்கியது. அப்போது மூல்காவ்கருக்கு வயது எண்பது. ஜப்பான் வண்டிகள் இலகுவானவை, நைசானவை, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் குண்டும் குழியுமான ரோட்டில் சொன்ன எடைக்கு மேல் ஏற்றி ஓட்டுகிற நம்ம ஊர் வழக்கம் 407க்குத் தெரிந்திருந்தது. இன்றும் காட்டூர் மெயின்ரோட்டில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், வாழைத்தார் ஏற்றியோ கல்யாணப் பாத்திரம் ஏற்றியோ ஒரு நாலு-நாட்-ஏழு போகாமல் இருக்காது. அந்த நாலு ஜப்பான் கூட்டணிகளில் டொயோட்டாவும் நிஸானும் அந்தத் தொழிலைவிட்டே போய்விட்டன.

1988இல் தலைவர் நாற்காலியை ரத்தன் டாடாவிடம் ஒப்படைத்தார். அடுத்த வருடம் காலமானார்.

அதற்குப் பிறகு நடந்தது அவர் இருந்து பார்த்திருக்க வேண்டியது. தாராளமயம் வந்ததும் மெர்சிடிஸ்-பென்ஸ் 1994இல் இந்தியாவுக்குக் கார் செய்யத் திரும்பியது. முதல் கார்கள் பூட்டப்பட்டது எங்கே? புனேயில், டெல்கோ வளாகத்தில்! இருபத்தைந்து வருடத்துக்கு முன் நட்சத்திரத்தைக் கழற்றிக்கொண்டு போனவர்கள், அதே நட்சத்திரத்தைக் காரில் ஒட்ட அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவே வந்து நின்றார்கள். அந்த வளாகம் உருவாக்கிய கைகள்தான் 1998இல் இண்டிகா காரையும் செய்தன. டைம்லர் தன் கையில் மிச்சமிருந்த டாடா மோட்டார்ஸ் பங்குகளை 2010இல் விற்றுவிட்டு, 2012இல் நம் ஒரகடத்தில் சொந்த லாரித் தொழிற்சாலையைத் திறந்தது. வண்டிக்குப் பெயர் பாரத்பென்ஸ். எங்கள் பேட்ச்சிலேயே சிலர் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார்கள். பெரியப்பா இருந்திருந்தால் இது ஏதோ புது வண்டி என்று நம்பியிருக்க மாட்டார்.

சுமோ தயாரிப்பு 2019இல் நின்றுவிட்டது. துவாக்குடி பக்கம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒன்றிரண்டு இன்னும் ஓடுகின்றன.

கடைசி வருட மெக்கானிக்கல் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கேம்பஸ் இன்டர்வியூவில் கம்பெனிக்காரர்கள் கடைசியில் ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். சம்பளத்தைக் கேட்டு முடித்ததும், அங்கே டூல் ரூம் இருக்கிறதா, டை உடைந்தால் யார் செய்வார்கள் என்றும் கேட்டு வையுங்கள். புனே டெல்கோவில் பயிற்சி எடுத்த சீனியர்கள் யாராவது இந்தச் சந்திப்புக்கு வந்திருந்தால், மதியச் சாப்பாட்டுக்கு மெக்கானிக்கல் பிளாக் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். அரம் பிடித்த கதையை உங்கள் வாயாலேயே கேட்க நாங்கள் நாலைந்து பேர் காத்திருப்போம்.