வெறுங்காலில் செல்டிக் கிளப்புக்கு ஆடிய இந்தியர்... 2 மேட்ச்சோடு ஊர் திரும்பியது ஏன்? முகமது சலீம் கதை

ஓசூரில் ஷிஃப்ட் முடித்துவிட்டு டர்ஃபில் ஃபுட்பால் ஆட வரும் பசங்களிடம் கொஞ்ச நேரம் நின்றால், பேச்சு தானாக ஷூ பக்கம் போய்விடும். எந்த பிராண்ட், ஸ்டட் எப்படி, கிரிப் தாங்குமா என்று. ஷூவே இல்லாமல், காலில் பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு இந்தியர் 1936-லேயே ஐரோப்பிய கிளப் ஒன்றுக்காக ஆடியிருக்கிறார் என்று சொன்னால் நம்புவார்களா தெரியாது.

அவர் பெயர் முகமது சலீம். கிளப், ஸ்காட்லாந்தின் செல்டிக்.

யார் இந்த சலீம்?

1904-ல் கொல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில் பிறந்தவர். வசதியான குடும்பம் இல்லை. படிப்பைவிட பந்துதான் பிடித்திருந்தது. 1920-களின் நடுவில் இருந்து சித்தரஞ்சன், ஸ்போர்ட்டிங் யூனியன், ஆரியன்ஸ் என்று கிளப் மாறி மாறி ஆடினார். இன்றைய பாஷையில் சொன்னால், அடிக்கடி கம்பெனி மாறுகிற ஆள். 30 வயதைத் தொடும்போதுதான் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியில் நிலையான இடம் கிடைத்தது.

அது சாதாரண இடம் இல்லை. கல்கத்தா லீக் 1898-ல் தொடங்கியது. முதல் 36 வருஷம் கோப்பையை பிரிட்டிஷ் ராணுவ அணிகளும் வெள்ளைக்காரர்களின் கிளப்களும்தான் தூக்கின. 1934-ல் அதை உடைத்த முதல் இந்திய அணி முகமதன் ஸ்போர்ட்டிங். அதோடு நிற்காமல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை சாம்பியன். அந்த அணியின் விங்கர்களில் ஒருவர் சலீம்.

திடீரென காணாமல் போனார்

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகும் வழியில் சீன அணி இந்தியாவில் சில போட்டிகள் ஆடியது. கொல்கத்தாவில் ஒரு மேட்ச்சில் சலீம் நன்றாகவே ஆடினார். அடுத்த மேட்ச்சுக்கு ஆளைக் காணோம். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

அவர் அப்போது கப்பலில் இருந்தார். இங்கிலாந்தில் இருந்து வந்திருந்த ஹாஷிம் என்ற உறவினர், இங்கே ஆடுகிற ஆட்டத்தை அங்கே வந்து ஆடேன் என்று கூட்டிப்போய்விட்டார். கெய்ரோ வழியாக லண்டன், அங்கிருந்து கிளாஸ்கோ.

செல்டிக் அப்போது ஸ்காட்லாந்தின் நடப்பு சாம்பியன். அவர்களின் ஸ்ட்ரைக்கர் ஜிம்மி மெக்ரோரி அந்த சீசனில் லீக்கில் மட்டும் 50 கோல் அடித்திருந்தார். அப்படிப்பட்ட கிளப்பின் மேனேஜர் வில்லி மேலியிடம் போய், இவருக்கு ஒரு டிரையல் கொடுங்கள், ஆனால் வெறுங்காலில்தான் ஆடுவார் என்று கேட்க ஹாஷிமுக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்க வேண்டும்! மேலிக்கு முதலில் சிரிப்புதான் வந்ததாம். டிரையலைப் பார்த்த பிறகு சிரிப்பு போய்விட்டது.

நிஜமாகவே செல்டிக் ஸ்டாரா?

இங்கேதான் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளும் ரீல்ஸும் கொஞ்சம் ஓவராகப் போகின்றன. சலீம் செல்டிக்கின் முதல் அணிக்காக ஆடவில்லை. ஆடியது அலையன்ஸ் லீக்கில், அதாவது ரிசர்வ் அணியில். அதுவும் இரண்டே போட்டிகள். ஹாமில்டன் அணிக்கு எதிராக 5-1, கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7-1. இரண்டிலும் செல்டிக் வெற்றி.

ஆனால், அந்த இரண்டு போட்டிகளே பேச்சாகிவிட்டன. கால்ஸ்டனுக்கு எதிரான ஏழு கோல்களில் மூன்று இவர் கொடுத்த பந்தில் வந்தவை. மறுநாள் பத்திரிகை இவரை வித்தைக்காரர் என்று வர்ணித்தது. பந்தை கால் விரல்களில் உருட்டி, எதிராளியைத் தாண்டித் தட்டி, கோல் முன்பாகப் போடும் விதம் அங்கே யாரும் பார்க்காதது. செல்டிக்கின் முன்னாள் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனமி, குனிந்து சலீமின் காலில் கட்டுப் போடும் ஒரு போட்டோ இருக்கிறது. இந்தியா அடிமை நாடாக இருந்த காலம் அது. அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் போட்டோவைப் பாருங்கள்.

ஏன் திரும்பினார்?

கிளப் துரத்தவில்லை, காயமும் இல்லை. ஊர் ஞாபகம், அவ்வளவுதான். சில மாதங்களிலேயே தாங்க முடியவில்லை. செல்டிக் இருக்கச் சொல்லிப் பார்த்தது. இவருக்காக ஒரு போட்டி நடத்தி, வசூலில் 5 சதவீதம் தருவதாகவும் சொன்னது. அதை அனாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் சலீம் என்று அவர் கதையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

நல்ல ஆஃபரை விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று இதைத் தோல்வியாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேறு ஊரில் இருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து, ஒரு ரூமில் நாலு பேராகத் தங்கியிருப்பவர்களைக் கேட்டால் சலீமைப் புரிந்துகொள்வார்கள். வந்தவர் சும்மாவும் இருக்கவில்லை. மறுபடி முகமதன் ஸ்போர்ட்டிங் ஜெர்சியைப் போட்டார்.

வெறுங்கால் ஆட்டம் அவரோடு முடியவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸை எதிர்த்த இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். அன்று 1-2 எனத் தோற்ற இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர், நம்ம பக்கத்து பெங்களூருவின் சாரங்கபாணி ராமன். ஐரோப்பிய கிளப் ஒன்றில் ஒப்பந்தத்தோடு ஒரு இந்தியர் ஆட 1999 ஆனது. இங்கிலாந்தின் கீழ் டிவிஷனில் இருந்த பரி அணிக்கு அந்த வருஷம் பாய்ச்சுங் பூட்டியா போனார்.

சலீம் 1980-ல் இறந்தார். அதற்கு முன், அவர் உடம்பு முடியாமல் இருந்தபோது, அப்பாவின் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்று அவருடைய மகன் செல்டிக்குக்கு கடிதம் எழுதினார். 40 வருஷத்துக்கு முன் இரண்டே மேட்ச் ஆடியவரை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? ஆனால் பதில் வந்தது, உள்ளே 100 பவுண்டுக்கு ஒரு டிராஃப்ட்டும் இருந்தது. மகனுக்கு பணம் முக்கியமில்லை. அப்பாவை அங்கே இன்னும் யாருக்காவது தெரியுமா என்று பார்க்கத்தான் எழுதியிருந்தார். அந்த டிராஃப்ட்டை அவர் பணமாக மாற்றவே இல்லை.