சின்ன ஊர், பெரிய டீம்: கிரீன் பே பேக்கர்ஸை உருவாக்கிய ‘கர்லி’ லேம்போ

அமெரிக்காவின் என்எஃப்எல் லீக்கில் 32 அணிகள். பெரும்பாலானவை பெருநகரங்களில், பெரும் பணக்காரர்களின் கையில் இருக்கின்றன. ஒரே ஒரு அணி மட்டும் விதிவிலக்கு. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே பேக்கர்ஸ். ஊரின் மக்கள்தொகை சுமார் 1.07 லட்சம்தான். அணிக்கு தனி முதலாளி கிடையாது, ரசிகர்கள்தான் பங்குதாரர்கள். இது எப்படி சாத்தியமாச்சு? எர்ல் லேம்போ என்ற மனிதரின் கதையில் பதில் இருக்கு.

500 டாலரில் தொடங்கிய அணி

1898 ஏப்ரல் 9 அன்று கிரீன் பேயில் பிறந்தவர் லேம்போ. சுருட்டை முடி என்பதால் எல்லோருக்கும் ‘கர்லி’. நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் ஒரு சீசன் ஆடினார். டான்சில் பிரச்சினையால் ஊர் திரும்பியவர், படிப்பைத் தொடரவில்லை. டின் இறைச்சி தயாரிக்கும் இந்தியன் பேக்கிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

1919 ஆகஸ்டில், பத்திரிகையாளர் ஜார்ஜ் கால்ஹூனுடன் சேர்ந்து அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றைத் தொடங்கினார். ஜெர்சி வாங்க கம்பெனி 500 டாலர் கொடுத்தது. ‘பேக்கர்ஸ்’ என்ற பெயர் வந்தது இப்படித்தான். 1921-ல் அணி தேசிய லீக்கில் சேர்ந்தது.

சின்ன ஊர்னா என்ன சிக்கல்?

அப்போ டிவி பணம் கிடையாது. டிக்கெட் காசுதான் வருமானம். அதிலும் வெளியூர் அணிக்குப் பணம் கொடுத்தாகணும். கிரீன் பேயில் அன்று இருந்ததே சுமார் 31 ஆயிரம் பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தாலே கணக்கு உதைக்கும். பெரிய நகர அணிகளுக்கோ, கூட்டம் குறைவான ஊருக்கு ரயிலேறி வருவது லாபமில்லை.

மற்ற சின்ன ஊர்கள் இதில் தாக்குப்பிடிக்கல. டிகேட்டர் அணி 1921-ல் சிகாகோவுக்குப் போய், பிறகு ‘பேர்ஸ்’ ஆனது. போர்ட்ஸ்மவுத் அணி 1934-ல் டெட்ராய்ட்டுக்கு விற்கப்பட்டு ‘லயன்ஸ்’ ஆனது.

ஊரே முதலாளி

கல்லூரி வீரர்களைப் பெயர் மாற்றி ஆடவைத்ததற்காக, முதல் சீசன் முடிந்ததும் பேக்கர்ஸின் லீக் உரிமம் பறிக்கப்பட்டது. 1922-ல் லேம்போ அதை மீட்டார். ஆனால், கடன் கழுத்தை நெரித்தது. உள்ளூர் பத்திரிகை அதிபர் ஆண்ட்ரூ டர்ன்புல் உள்ளிட்ட வணிகர்கள் கைகொடுத்தார்கள். 1923-ல் ஒரு பங்கு 5 டாலர் என்று ஊர் மக்களிடமே விற்று, அணி லாப நோக்கமற்ற நிறுவனமானது. பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் கிடையாது. அணியை விற்றாலும் பணம் அவர்கள் பாக்கெட்டுக்குப் போகாது. அதனால், லாபத்துக்காக வேறு ஊருக்கு விற்கும் ஆசையே யாருக்கும் வரல.

களத்தில் லேம்போ கில்லி. 1929, 1930, 1931 என ஹாட்ரிக் சாம்பியன். பிறகு 1936, 1939, 1944 என மொத்தம் 6 பட்டங்கள். ஆனாலும் பண நெருக்கடி தீரல. 1933 முதல் சில ‘ஹோம்’ ஆட்டங்களை பெரிய நகரமான மில்வாக்கியில் ஆடினார்கள். 1935-ல் மறுபடியும் பங்கு விற்க வேண்டி வந்தது.

உருவாக்கியவரே வெளியேறினார்

1946-ல் போட்டி லீக் ஒன்று வந்ததும் வீரர்களின் சம்பளம் எகிறியது. அதே ஆண்டு, ஊருக்கு வெளியே ராக்வுட் லாட்ஜ் என்ற பயிற்சி முகாமை லேம்போ வாங்க வைத்தார். நிர்வாகக் குழுவில் பலருக்கு அந்தச் செலவு பிடிக்கல. 1949-ல் 12 ஆட்டங்களில் 2 வெற்றிதான். கஜானா காலி. அணியை லாபநோக்கு நிறுவனமாக மாற்றினால் முதலீட்டாளர்கள் வருவார்கள் என்றார் லேம்போ. குழு மறுத்தது. 1950 ஜனவரியில் லாட்ஜ் எரிந்து சாம்பலானது. அடுத்த சில நாட்களில் அவர் ராஜினாமா செய்து சிகாகோ கார்டினல்ஸுக்குப் போனார். ஊர் மக்கள் அதே ஆண்டு மீண்டும் பங்கு வாங்கி, 1 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி அணியைக் காப்பாற்றினார்கள்.

1961-ல் புதிய சட்டம் வந்தது. டிவி ஒப்பந்தத்தை லீக் மொத்தமாகப் போட்டு, எல்லா அணிக்கும் சமமாகப் பிரித்தது. நியூயார்க்குக்கு என்ன பங்கோ, கிரீன் பேக்கும் அதே பங்கு. அந்தப் பணம் வரும்வரை அணியை ஊரிலேயே பிடித்து வைத்தது, 1949-ல் லேம்போ மாற்ற நினைத்த அதே அமைப்புதான்.

1965 ஜூன் 1 அன்று, 67 வயதில் மாரடைப்பால் இறந்தார் லேம்போ. அதே ஆண்டு ஊர் மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இன்று பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் மேல். அணி ஆடுவது இப்பவும் அந்த லேம்போ ஃபீல்டில்தான்.