பேரை மாத்தாத முதலாளி: சிம்சன் அனந்தராமகிருஷ்ணன்

திருப்பூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு கம்பெனி கைமாறுறது புது விஷயமே இல்லை. ஒரு பனியன் கம்பெனியை வித்துட்டாங்கன்னா முதல்ல மாறுறது வாசல்ல இருக்கிற போர்டு. அன்னிக்கு சாயங்காலமே டீக்கடையில பேச்சு ஆரம்பிச்சிடும். பழைய டெய்லர்களை வச்சுக்குவாங்களா? பீஸ் ரேட்டைக் குறைப்பாங்களா? தீபாவளி போனஸை யார் கொடுப்பாங்க? மேனேஜ்மென்ட் பேப்பர்ல நாம 'சேஞ்ச் மேனேஜ்மென்ட்'னு பதினாறு மார்க்குக்கு எழுதுறது இந்த மூணு கேள்வியைத்தான்.

இந்தப் பாடத்துக்கு நம்ம ஊர் உதாரணம் யாராவது இருக்காங்களான்னு தேடினா, ஒரு பேர் கண்டிப்பா வரும்: எஸ். அனந்தராமகிருஷ்ணன். தொழில் வட்டாரத்தில் சுருக்கமாக 'ஜே'.

1905இல் பிறந்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற ஆழ்வார்குறிச்சி. கணக்குத் துறையில் தேர்ந்து, 1930களின் நடுவில் சென்னை மவுன்ட் ரோட்டில் இருந்த சிம்சன் கம்பெனிக்குள் செயலாளராக நுழைந்தார்.

சிம்சன் அப்போதே கிழட்டுக் கம்பெனி. 1840இல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்தவர்கள். 1903இல் இந்தியாவின் முதல் நீராவி காரைச் செய்ததும் அவர்கள்தான். மேலிடத்தில் இருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அந்த மாதிரி இடத்தில் கணக்குப் புத்தகத்தோடு உள்ளே போன ஒருத்தர், 1940களில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்த முதல் இந்தியர் அவர்தான்.

1938இல் அமால்கமேஷன்ஸ் என்ற நிறுவனம் பதிவானது. அவர் கையில் அது பெரிய குழுமமாக வளர்ந்தது. வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். அவர்கள் நடத்திய கம்பெனிகள் ஒவ்வொன்றாக இந்தியர் கைக்கு வந்தன. 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, அடிசன், ஜார்ஜ் ஓக்ஸ், 1868இல் தொடங்கிய மெட்ராஸ் மெயில் பத்திரிகை எல்லாம் இந்தக் குழுமத்துக்குள் வந்தன. நம்ம கோயம்புத்தூர் ஸ்டேன்ஸ் கம்பெனிகூட பின்னாளில் இதே வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அமால்கமேஷன் என்றால் ஒன்றாகக் கலப்பது. ஆனால் இந்தக் குழுமத்தில் பழைய கம்பெனிகள் கரைந்து போகவில்லை. அடிசன் அடிசனாகவே இருந்தது. ஹிக்கின்பாதம்ஸ் இன்னிக்கும் அண்ணா சாலையில் அதே பேரில்தான் நிற்குது. பஸ் ஸ்டாப் பேர்கூட இன்னமும் 'சிம்சன்'தான்.

இது எப்படி? ஹோல்டிங் கம்பெனி என்கிற ஏற்பாடு. பங்குகள் தாய் நிறுவனத்திடம் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி போர்டு, தனிக் கணக்கு, தனிப் பேர். முதலீடு பற்றிய பெரிய முடிவுகள் மேலே நடக்கும். வாடிக்கையாளரும் தொழிலாளியும் தினமும் பார்க்கிற கம்பெனி பழையபடியே இருக்கும்.

அதுக்காக எதுவுமே மாறலைன்னு நினைச்சிடாதீங்க. வேலையே தலைகீழா மாறியது. வண்டிக்கு உடம்பு கட்டின சிம்சன், 1950களில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் தொழில்நுட்பத்தோடு டீசல் எஞ்சின் செய்ய ஆரம்பித்தது. 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ் வந்தது. 1960இல் மாஸி பெர்குசனோடு சேர்ந்து டாஃபே டிராக்டர் கம்பெனி வந்தது. பெரம்பூர் பக்கம் செம்பியம் ஒரு தொழில் நகரமே ஆனது. பிஸ்டன் ஒரு கம்பெனி, எஞ்சின் ஒரு கம்பெனி, டிராக்டர் ஒரு கம்பெனி. ஒண்ணோட சரக்கு இன்னொண்ணுக்கு மூலப்பொருள். நம்ம ஊர்ல நிட்டிங், டையிங், காம்பேக்டிங், ஸ்டிச்சிங்னு போற சங்கிலி மாதிரியேதான்.

1964இல், அறுபது வயதைத் தொடும் முன்பே அவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் சிவசைலமும் கிருஷ்ணமூர்த்தியும் இளம் வயதிலேயே பொறுப்புக்கு வந்தார்கள். அவர் நிறுவிய ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி ஆழ்வார்குறிச்சியில் இப்பவும் நடக்குது.

அவர் கட்டியது எல்லாம் அப்படியே நிலைக்கவில்லை என்பதையும் சொல்லணும். 1970களின் தொடக்கத்தில் சிம்சனில் பெரிய தொழிலாளர் போராட்டம் வெடித்தது. மெயில் பத்திரிகை 1981இல் நின்றுபோனது. பேரைக் காப்பாத்தினா மட்டும் ஆள்களின் நம்பிக்கையும் தானா வந்துடாது. அதைத் தனியாத்தான் சம்பாதிக்கணும்.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் குழுமத்தில் தங்கியது. 2005இல் டாஃபே, ஐஷர் டிராக்டர் தொழிலை வாங்கியது. வாங்கின பிறகும் வயலில் ஓடுகிற டிராக்டரில் ஐஷர் பேர் அப்படியே இருக்கு. அந்தப் பேரை நம்பின விவசாயி தொடர்ந்து அதே பேரைத்தான் வாங்குறார்.

பனியன் கம்பெனிக்கு வருவோம். வாங்குகிறவர் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களை எண்ணி விலை பேசுகிறார். ஆனால் ஆர்டர் நேரத்துக்குப் போவது பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிற கைகளால். அவங்க அடுத்த தெரு கம்பெனிக்குப் போயிட்டா, வாங்கினது வெறும் இரும்புதான்.

இதைச் சட்டமும் எப்பவோ யோசிச்சிருக்கு. ஜே வாழ்ந்த காலத்திலேயே, 1957இல், தொழில் தகராறு சட்டத்தில் ஒரு விதி வந்தது. கம்பெனி கைமாறினாலும் தொழிலாளியின் சர்வீஸ் அறுபடக் கூடாது, வேலை நிபந்தனைகள் முன்பைவிடக் குறையக் கூடாது. இல்லையென்றால் நோட்டீஸும் இழப்பீடும் கொடுக்கணும்.

நாம இன்னும் சில மாசத்துல ஆஃபர் லெட்டரோட வெளியே போகப் போறோம். சேரப்போற கம்பெனியை நாளைக்கே இன்னொருத்தர் வாங்கலாம். நம்மில் சிலர் வாங்குற பக்கமும் உட்காரலாம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்த டீக்கடை கேள்விகள் மூணையும் முதல் நாளே கேட்டு வைங்க.